25 ஆயிரத்துக்குள் மலைக்கும் பால்வீதிக்கும் எந்த லென்ஸ் வாங்கலாம்?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கையில் கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ். வீடு தேனிப் பக்கம், அதனால் மேகமலையும் கொடைக்கானலும் போய்வரும் தூரம்தான். பகலில் மலைக்காட்சி, இரவில் பால்வீதி, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி 25 ஆயிரம் ரூபாய்க்குள் ஒரே லென்ஸ் வேண்டும். கடையில் 10-18 எம்எம் (இந்த எண் சிறிதாகச் சிறிதாகக் காட்சி அகலமாகும்) வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா?

10-18 நல்ல லென்ஸ்தான். 240 கிராம் எடை, தரமான கண்ணாடி, கூடவே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன். ஆனால் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பகல் வேலையில் பெரும்பகுதியை உங்களிடம் இருக்கும் கிட் லென்ஸே செய்துவிடும். இரவு வேலைக்கோ 10-18 கிட் லென்ஸைவிடப் பின்தங்கியது, ஏனென்றால் அதன் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 4.5-இல்தான் தொடங்குகிறது, கிட் லென்ஸோ எஃப் 3.5-இல். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகி ஒளி குறையும். பணத்தை எங்கே போட வேண்டும் என்றால், இப்போது கையில் இருப்பதால் முடியாத இடத்தில். அந்த இடம் இரவுதான்.

பகலை முதலில் பார்ப்போம். லேண்ட்ஸ்கேப் எடுக்கும்போது யாரும் அப்பர்ச்சரை முழுசாகத் திறந்து வைப்பதில்லை. எஃப் 8-க்கு மூடி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு) 100-இல் வைத்து, டிரைபாடில் நிறுத்தி எடுப்பதுதான் வழக்கம். எஃப் 8-இல் 18-55 லென்ஸ் ஓரங்கள் வரை கூர்மையாகவே இருக்கும். 18 எம்எம், எஃப் 8 என்று வைத்து இரண்டு மீட்டருக்குச் சற்றுத் தள்ளி ஃபோகஸ் செய்தால், ஒரு மீட்டர் தூரத்துப் புல்லிலிருந்து எதிர்மலை வரை எல்லாமே தெளிவு. எஃப் 16, எஃப் 22 என்று போகாதீர்கள். அவ்வளவு சின்னத் துளை வழியே வரும் ஒளி சிதறி, மொத்தப் படமும் மங்கிவிடும். இதற்கும் லென்ஸின் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

கிட் லென்ஸ் ஷார்ப்பாக இல்லை என்று வரும் புகார்களில் பாதி, விடியற்காலையில் கையில் பிடித்து எடுத்த படங்களைப் பற்றியவை. அதனால் பட்ஜெட்டில் முதல் நாலைந்தாயிரம் டிரைபாடுக்கு. கடையிலேயே கால்களை முழுதாக விரித்து நிறுத்தி, மேலே கை வைத்து இடமும் வலமும் லேசாகத் திருகிப் பாருங்கள். கழுத்து முறுக்கிக்கொண்டு பிறகு திரும்பி வந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். நடுத்தண்டை உயர்த்தாமலேயே உங்கள் மார்பளவுக்கு வர வேண்டும், பையைத் தொங்கவிட அடியில் கொக்கியும் வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவாவது இருக்கட்டும். மலையில் காற்று அடிக்கும்போது அந்த எடை எதற்கு என்று தெரியும். டிரைபாடில் மாட்டியதும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு, இரண்டு நொடி டைமரில் எடுங்கள்.

கிட் லென்ஸில் ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1500டியோடு பெரும்பாலும் வருகிற பழைய வகை 18-55 லென்ஸில், ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கமே சுழலும். போலரைசர் ஃபில்டர் போட்டால் அதுவும் சேர்ந்து சுழலும். அதனால் முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் ஃபில்டரைத் திருப்ப வேண்டும். மழைக்குப் பிறகு தேயிலை இலைகளின் மேல் வரும் வெள்ளைப் பளபளப்பை இந்த ஃபில்டர் நீக்குகிற மாதிரி எடிட்டிங்கில் எதுவும் நீக்காது. 58 எம்எம் அளவில் ஒன்று வாங்கி வையுங்கள்.

இன்னொன்று, இது பலருக்கும் ஒப்புக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும். மேற்குத்தொடர்ச்சி மலைக்கு 10-18 போன்ற அல்ட்ரா வைட், அதாவது மிக அகலமான, லென்ஸ் பெரும்பாலும் தவறான லென்ஸ். 10 எம்எம்மில் எடுத்தால், நேரில் நம்மை மலைக்க வைத்த சிகரம் படத்தின் நடுவில் சின்ன மேடாகச் சுருங்கி நிற்கும். மேலே பாதி வெறும் வானம், கீழே பாதி ரோடு. அல்ட்ரா வைட் வேலை செய்ய வேண்டுமென்றால் லென்ஸுக்கு ஓரடி தூரத்தில் ஒரு பாறையோ பூச்செடியோ ஓடை நீரோ இருந்தாக வேண்டும். ஒவ்வொரு வியூ பாயின்ட்டிலும் அது கிடைப்பதில்லை, கம்பி வேலிதான் கிடைக்கும்.

எனக்குக் கேட்டால், பட்ஜெட்டில் மலைக்குச் சிறந்த லென்ஸ், தூரத்தைக் கிட்டத்தில் காட்டும் கேனான் 55-250 எஸ்டிஎம். குளிர்கால விடியலில் மேகமலையிலோ கொடைக்கானலிலோ பள்ளத்தாக்கைப் பார்த்து நில்லுங்கள். ஒரு மலைவரிசைக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னொன்று என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட வெளிறிக்கொண்டே போகும். 100 முதல் 200 எம்எம்முக்குள் அதை எடுத்தால், நடுவில் இருக்கும் தூரமெல்லாம் சுருங்கி, வரிசைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். நாம் நேரில் பார்த்து வியந்தது இதைத்தான். பழைய மார்க்கெட்டில் இந்த லென்ஸ் தாராளமாகக் கிடைக்கிறது. அவசரமில்லை, இரவு லென்ஸ் வாங்கிய பிறகு மிச்சம் இருந்தால் பார்க்கலாம்.

சரி, இரவுக்கு வருவோம். பூமி சுழல்வதால் ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் கோடாக நீளும். 500 விதி என்று ஒன்று சொல்வார்கள். 500-ஐ லென்ஸின் எம்எம்மாலும் கிராப் அளவாலும் வகுக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சாரைவிடக் கேமராவின் சென்சார் எத்தனை மடங்கு சிறியது என்பதுதான் கிராப், உங்கள் கேனானில் அது 1.6. அப்படிக் கணக்குப் போட்டால் 18 எம்எம்முக்கு 17 நொடி வரும். 24 மெகாபிக்சல் கேமராவுக்கு அது அதிகம், பெரிதாக்கிப் பார்த்தால் கோடு தெரியும். உங்கள் கேமராவுக்கு இன்னும் எளிய கணக்கு இருக்கிறது: 200-ஐ எம்எம்மால் வகுத்துக்கொள்ளுங்கள். 18 எம்எம்முக்கு 11 நொடி, 16-க்கு 12, 11-க்கு 18.

அந்த 11 நொடிக்குள் கிட் லென்ஸ் எஃப் 3.5-இல் உள்ளே விடுகிற ஒளி போதாது. எஃப் 2.8 அதைவிட ஒன்றரை மடங்கு ஒளி தரும், எஃப் 2 மூன்று மடங்கு, எஃப் 1.4 ஆறு மடங்கு. ஐஎஸ்ஓவை ஏற்றிச் சமாளிக்கலாமே என்றால், 6400-இல் 1500டியின் படம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். 3200-க்குள் நிற்க வேண்டுமானால் எஃப் எண் 2.8 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பால்வீதியின் பரந்த மங்கல் ஒளி எஃப் எண்ணைப் பொறுத்தது. தனித்தனி நட்சத்திரம் எவ்வளவு பதிகிறது என்பது லென்ஸ் துளையின் நிஜ விட்டத்தைப் பொறுத்தது. எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும். 18 எம்எம் எஃப் 3.5-க்கு 5 மில்லிமீட்டர். 11 எம்எம் எஃப் 2.8-க்கு வெறும் 4. 16 எம்எம் எஃப் 2-க்கு 8. 50 எம்எம் எஃப் 1.8-க்கு 28. அல்ட்ரா வைட்டில் எடுத்த பால்வீதிப் படம் சில சமயம் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம். வானம் நிறைய வந்திருக்கும், நட்சத்திரம் குறைவாக வந்திருக்கும்.

அதனால் என் முதல் தேர்வு சாம்யாங் 16 எம்எம் எஃப் 2. உங்களுடையது போன்ற கிராப் கேமராவுக்காகவே செய்தது. முழு மேனுவல்: ஃபோகஸும் கையால், அப்பர்ச்சரும் லென்ஸில் உள்ள வளையத்தால். கேமரா திரையில் அப்பர்ச்சர் இடத்தில் 00 என்று காட்டும், பயப்பட வேண்டாம், எம் (மேனுவல்) மோடில் வைத்து எடுக்கலாம். இரவில் எப்படியும் எல்லாம் கையால்தான் செய்யப் போகிறோம், ஆட்டோ ஃபோகஸ் இல்லாதது குறையே இல்லை. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்தால் அடியிலிருந்து உச்சி வரை 70 டிகிரி கிடைக்கும். இது நமக்கு முக்கியம். தேனி இருக்கும் 10 டிகிரி அட்சரேகையில் பால்வீதியின் மையம் தெற்கே வரும்போது சுமார் 50 டிகிரி உயரம் ஏறிவிடும். லண்டனில் அது 10 டிகிரியைக்கூட எட்டாது. இவ்வளவு நல்ல இடத்தில் பிறந்துவிட்டு, தரையையும் மையத்தையும் ஒரே படத்தில் அடக்க முடியவில்லை என்றால் வருத்தம்தானே. 70 டிகிரியில் இரண்டும் அடங்கும்.

அது பழையதாகக் கிடைக்கவில்லை என்றாலோ, ஒரே லென்ஸ் இரண்டு வேலையும் செய்தாக வேண்டும் என்றாலோ, டோக்கினா 11-16 எஃப் 2.8. இதுவும் கிராப் கேமராவுக்கானது. 77 எம்எம் ஃபில்டர் போடலாம், ஆட்டோ ஃபோகஸ் உண்டு, ஃபோகஸ் வளையத்தைப் பின்னுக்கு இழுத்தால் மேனுவல். ஜூமின் எல்லா அளவிலும் எஃப் 2.8 மாறாது. நெடுநாளாகச் சந்தையில் இருப்பதால் பழைய மார்க்கெட்டில் பட்ஜெட்டுக்குள் பேசி வாங்கலாம். சூரியனை நேராக வைத்து எடுத்தால் படத்தில் ஒளித்திட்டுகள் விழும், அதுதான் இதன் பலவீனம். மரக்கிளையின் ஓரத்தில் ஊதா நிறக்கோடு வரும், அதை எடிட்டிங்கில் ஒரு டிக் அடித்து நீக்கிவிடலாம்.

எல்லோரும் சொல்லும் சாம்யாங் 14 எம்எம் எஃப் 2.8 பற்றி: ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது அருமையான பேரம். கிராப்பில் அந்த அகலத்தின் பெரும்பகுதி வெட்டுப்பட்டு, 22 எம்எம் மாதிரி ஆகிவிடும். முன்கண்ணாடி குமிழாகப் புடைத்திருப்பதால் ஃபில்டர் மாட்ட முடியாது. கடற்கரையில் எடுத்தால் அடிவானம் அலை போல வளையும், சாதாரணத் திருத்தத்தில் அது நேராகாது. ஃபுல் ஃபிரேமுக்குப் போவது உறுதி என்றால் மட்டும் வாங்குங்கள்.

காசு இன்னும் இறுக்கம் என்றால் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் இருக்கிறது, எல்லாவற்றிலும் மலிவு. எஃப் 1.8-இல் ஓர நட்சத்திரங்கள் இழுபட்டுத் தெரியும், எஃப் 2.8-க்கு மூடுங்கள். அப்போதும் துளை 18 மில்லிமீட்டர், கிட் லென்ஸைவிட மூன்று மடங்குக்கு மேல் விட்டம். நான்கு நொடிதான் எடுக்க முடியும் என்பதால் வரிசையாக ஐம்பது, அறுபது படம் எடுத்துக் கணினியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பால்வீதி மையத்தின் கருமேகங்களை இதில் எடுத்துப் பாருங்கள், எந்த வைட் லென்ஸும் அந்த விவரத்தைத் தராது. தரைக்காட்சிதான் கிடைக்காது.

அடுக்குவது என்றேன் அல்லவா, அதை லென்ஸ் வாங்கும் முன்பே கிட் லென்ஸில் செய்து பாருங்கள். 18 எம்எம், எஃப் 3.5, 11 நொடி, ஐஎஸ்ஓ 6400, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் படம்), நகராமல் 16 படம். கணினியில் சீக்வேட்டர் என்ற இலவச மென்பொருளில் போட்டால், நட்சத்திரங்களைத் தனியாகவும் தரையைத் தனியாகவும் பிரித்துப் பொருத்தி ஒரே படமாக்கித் தரும். 16 படத்தின் சராசரியில் நாய்ஸ், அதாவது அந்தப் புள்ளி புள்ளியான உடைசல், நான்கில் ஒரு பங்காகிவிடும். பைசா செலவில்லாமல் உங்கள் கிட் லென்ஸ் எதுவரை போகும் என்று தெரிந்துவிடும். பலருக்கு அதுவே போதும். நட்சத்திரச் சுழல் எடுக்கவும் கிட் லென்ஸ் தாராளம், 30 நொடி வீதம் நூறு படம் எடுத்துச் சேர்க்க வேண்டியதுதான். வானத்தின் சுழற்சிக்கு ஏற்பக் கேமராவை நகர்த்தும் டிராக்கர் கருவியில் இப்போது பணம் போடாதீர்கள். அதைச் சரியாக நிறுத்தத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும். நம் பக்கம் அது அடிவானத்துக்கு மேல் 10 டிகிரியில்தான் இருக்கும், மரமோ மலையோ புகைமூட்டமோ மறைத்துவிடும்.

எந்த லென்ஸானாலும் இரவில் ஃபோகஸ்தான் பாதி வேலை. லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள், மேனுவல் லென்ஸ்களில் அது சற்றுத் தள்ளியே இருக்கும். மேனுவலில் வைத்து, காட்சியைத் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவை இயக்குங்கள். வானத்தில் உள்ளதிலேயே பிரகாசமானதை நடுவில் கொண்டுவாருங்கள்: மார்ச் முன்னிரவில் சிரியஸ், அல்லது அப்போது வானில் இருந்தால் வியாழன். பெரிதாக்கும் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் 10 மடங்கு தெரியும். வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். வெள்ளைப் பொட்டு சுருங்கிக்கொண்டே வரும், ஓரிடத்தில் மிகச் சிறியதாகும், தாண்டினால் மறுபடி ஊதும். சில லென்ஸ்களில் அந்த இடத்தைத் தாண்டும்போது பொட்டின் ஓரம் ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறுவதும் தெரியும். மிகச் சிறிய இடத்தில் நிறுத்தி, ஒரு துண்டு டேப்பால் வளையத்தை ஒட்டிவிடுங்கள். ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி ஓரங்களைப் பாருங்கள். கிட் லென்ஸில் வளையம் மெலிசு, தொட்டாலே நகரும், டேப் ஒட்டும்போது கவனம். அரை மணிக்கு ஒரு தடவை மறுபடி சரிபாருங்கள். மலையில் குளிர் ஏறும்போது முன்கண்ணாடியில் பனி படியும், துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். பவர் பேங்கில் ஓடும் சிறிய ஹீட்டர் பட்டை ஒன்றை லென்ஸில் சுற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பழைய லென்ஸ் வாங்கும்போது நேரில் போங்கள், கையில் டார்ச் இருக்கட்டும். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் பிரிந்திருந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கடலோர ஊரிலும் மலையிலும் இருந்து வரும் லென்ஸ்களில் இது சகஜம். அடுத்து, உங்கள் கேமராவில் மாட்டி, தூரத்தில் விளக்குகள் தெரியும் இடத்தைப் பெரிய அப்பர்ச்சரில் எடுங்கள். ஒரே விளக்கை நான்கு மூலைக்கும் கொண்டுபோய் நான்கு படம். மூன்று மூலையில் ஒரு மாதிரியும் நான்காவதில் அதிகம் இழுபட்டும் இருந்தால், உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. முன்கண்ணாடியில் மெல்லிய கீறல் இருந்தால் படத்தில் தெரியவே தெரியாது, ஆனால் விலையைக் குறைத்துப் பேச நல்ல காரணம். வாங்கி வந்ததும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், கேமரா பையிலேயே மாதக்கணக்கில் விடாதீர்கள்.

வேறு கேமரா வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சுருக்கமாக. நிகான் டி3500, டி5600 வைத்திருந்தால் சாம்யாங் 16 எஃப் 2 உங்களுக்கும் உண்டு. டோக்கினா வாங்கினால் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள், முதல் பதிப்பில் மோட்டார் இல்லாததால் இந்தக் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது. நிகானின் 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் மலிவானது, இரண்டு மூன்று படம் ஒட்டிப் பனோரமா எடுக்க நல்லது. சோனி கிராப் கேமராவுக்குச் சாம்யாங் 12 எம்எம் எஃப் 2, அதற்கு மேல் காசு இருந்தால் சிக்மா 16 எஃப் 1.4. வில்ட்ராக்ஸ் 13 எஃப் 1.4 இன்னும் அகலம். கேனானின் புதிய ஆர் வரிசை என்றால் 16 எம்எம் எஃப் 2.8, 165 கிராம்தான், பையில் இருப்பதே தெரியாது.

லென்ஸ் வந்ததும் எப்போது போவது? பால்வீதியின் மையம் பிப்ரவரியில் விடியலுக்கு முன் தென்கிழக்கில் எழும், மே மாதத்தில் இரவு ஒன்பதை ஒட்டியே எழுந்துவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை மலையை மூடிவிடும். ஆக, நமக்குக் கிடைப்பது பிப்ரவரி முதல் மே வரை, அதிலும் அமாவாசையை ஒட்டிய இரவுகள். இருட்டு எந்த லென்ஸைவிடவும் முக்கியம். இந்திய வானியற்பியல் நிறுவனம் தன் 2.3 மீட்டர் தொலைநோக்கியை நகர வெளிச்சத்திலிருந்து விலகி ஜவ்வாது மலையின் காவலூரில் வைத்திருக்கிறது. தேனி டவுனிலிருந்து எஃப் 1.4 லென்ஸில் எடுப்பதைவிட, மேகமலையில் தெற்கே பெரியாறு காட்டைப் பார்த்து எஃப் 2.8-இல் எடுப்பது நன்றாக வரும். காட்டுச் சாலையில் இரவு நேரக் கட்டுப்பாடு உண்டு, யானை நடமாட்டமும் உண்டு. அனுமதியோடு எஸ்டேட்டில் தங்கி, அந்த வளாகத்துக்குள்ளேயே டிரைபாடை நிறுத்துங்கள்.

கடைசியாக, 1500டியை விற்றுவிட்டு ஆர் வரிசை போன்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். சாம்யாங் 16, டோக்கினா இரண்டையும் அடாப்டர் போட்டு ஆர் வரிசைக் கிராப் கேமராக்களில் அப்படியே பயன்படுத்தலாம். லென்ஸை முதலில் வாங்குங்கள், இரண்டு கோடைக்காலம் எடுங்கள், அப்புறமும் 3200 ஐஎஸ்ஓவின் நாய்ஸ் உறுத்தினால் கேமரா பாடியை மாற்றலாம்.